புள்ளி தெரியும் திரை: திருகோணமலையில் ஒரு மொனிட்டர் தெரிவு

சென்ற ஆண்டின் இறுதியில், முப்பத்தொராம் நாள் நினைவாக வெளியிடப்படும், கல்வெட்டு எனப்படும் நினைவு நூல் ஒன்றின் பக்கங்களை வடிவமைத்துக் கொடுத்தேன். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச விருட்சம், நன்றியுரை என்று வழமையான அமைப்பில் நாற்பது பக்கங்கள். அச்சாகி வந்த மறுநாள் குடும்பத்தின் மூத்த மகள் வம்ச விருட்சப் பக்கத்தைத் திறந்து என் மேசைமேல் வைத்தார். ‘லிங்கம்’ என்று முடியவேண்டிய அவருடைய தந்தையாரின் பெயர் ‘லிங்கம’ என்று முடிந்திருந்தது. “அப்பாட பேரே பிழைச்சுப் போச்சே, அண்ணா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கத்தை என் செலவில் மீண்டும் அச்சிட்டு, முந்நூறு பிரதிகளிலும் மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை முழுமையாக மெய்ப்புப் பார்த்திருந்தேன் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. இருபது வருடங்களாகத் தமிழ் எழுத்துகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு புள்ளி எப்படித் தப்பியது?

அன்றிரவு கோப்பை மீண்டும் திறந்தேன். நான் மெய்ப்புப் பார்ப்பது மடிக்கணினியோடு இணைத்திருந்த 27 அங்குல வெளித்திரையில். பெரிய திரை என்பதால் கண்ணுக்கு நல்லது என்று நம்பி, ஐந்து வருடங்களுக்கு முன்னர் வாங்கியது. அதே பக்கத்தை மடிக்கணினியின் 15.6 அங்குலத் திரைக்கு இழுத்து, எழுத்துகள் இரண்டு திரைகளிலும் ஒரே அளவாகத் தெரியும்படி அடிமட்டம் வைத்துச் சரிசெய்து பார்த்தேன். சிறிய திரையில் அந்தப் பிழை உடனே தெரிந்தது. பெரிய திரையிலோ, பிழையான பெயரை விடுங்கள், சரியாக எழுதப்பட்ட பெயர்களின் மேலிருந்த புள்ளிகளும் சாம்பல் நிறக் கறைகளாகவே இருந்தன. புள்ளி உள்ள எழுத்துக்கும் இல்லாத எழுத்துக்கும் இடையில் கண் பற்றிக்கொள்ளக்கூடிய வேறுபாடு அங்கே இருக்கவில்லை. என் கவனக்குறைவை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதற்குத் துணைபோன கருவி ஒன்று என் மேசையில் ஐந்து வருடங்களாக இருந்திருக்கிறது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு திரைகளிலும் பிக்சல்களின், அதாவது படத்தை ஆக்கும் நுண்கட்டங்களின், எண்ணிக்கை ஒன்றுதான்: குறுக்கே 1920, நெடுக்கே 1080. அந்த எண்ணிக்கை 15.6 அங்குலத்தில் அடங்கும்போது ஓர் அங்குலத்துக்கு 141 பிக்சல்கள் கிடைக்கின்றன. 27 அங்குலத்தில் பரப்பப்படும்போது 82 மட்டுமே. வம்ச விருட்சத்தின் பெயர்கள் 9 பொயின்ற் அளவில் இருந்தன. ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ற் என்பதால், தாளில் வரும் உண்மை அளவிலேயே திரையிலும் காட்டினால், அந்த எழுத்துருவின் முழு உயரத்துக்கும் பெரிய திரையில் கிடைப்பது 10 பிக்சல்கள். நான் பயன்படுத்தும் எழுத்துருவில் புள்ளியின் விட்டம் அந்த உயரத்தின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. ஆக, ஒரு புள்ளிக்கு ஒரேயொரு பிக்சல். அதுவும் பிக்சல் கட்டத்தின் நடுவில் சரியாக விழுந்தால்தான் கறுப்பாகத் தெரியும். இரண்டு கட்டங்களுக்கு இடையில் விழுந்தால் கணினி அதை இரண்டுக்கும் பகிர்ந்து மங்கலாக்கிவிடும். ஆங்கில எழுத்தில் புள்ளி வைத்தவை இரண்டேதான். அந்தப் புள்ளி மங்கினாலும் சொல் மாறாது. தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் ‘ணை’, ‘றூ’ போன்றவற்றின் உட்பகுதிகளும் இதே நெருக்கடிக்குள்தான் அகப்படுகின்றன.

புதிய திரை ஒன்று வாங்குவது என்று முடிவாகியது. அதற்கு முன்னர் எனக்கு என்ன தேவை என்பதை ஒரு கொப்பியில் எழுதினேன். மொத்தத்தில் தேவை இரண்டுதான்: 9 பொயின்ற் புள்ளி உண்மை அளவில் தெளிவாக நிற்கவேண்டும், ஏ4 பக்கம் ஒன்று மேலும் கீழும் வெட்டுப்படாமல் உண்மை அளவில் முழுதாகத் தெரியவேண்டும். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இரண்டாவது தேவையை எளிதாகத் தீர்க்கலாம். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீற்றர். கடைகளில் 24 அங்குலம் என்று விற்கப்படும் அகலத் திரைகளில் பெரும்பாலானவை உண்மையில் 23.8 அங்குலம், அவற்றின் காட்சிப் பரப்பின் உயரம் 296 மில்லிமீற்றர். அதாவது, கருவிப்பட்டை எதுவும் இல்லாமலே பக்கம் அடங்காது. 27 அங்குலத்தில் உயரம் 336 மில்லிமீற்றர். பக்கம் முழுதாக அடங்கி, பட்டைகளுக்கும் நான்கு சென்ரிமீற்றர் வரை மிஞ்சும். அகலம் 598 மில்லிமீற்றர் என்பதால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் 420 மில்லிமீற்றரில் வைத்து, பக்கவாட்டில் கருவிப்பெட்டிகளையும் வைக்கலாம். 16:10 விகிதத்தில் வரும் 24 அங்குலத் திரைகளிலும் உயரம் 323 மில்லிமீற்றர் கிடைக்கிறது. ஒற்றைப் பக்கத்தில் வேலை செய்வோருக்கு அது நல்ல தெரிவு, ஆனால் இங்கே அது அரிதாகவே வருகிறது. 32 அங்குலம் எனக்கு வேண்டியதில்லை. என் மேசையின் ஆழம் 60 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில் இருந்து பார்த்தால் மூலைகளைக் காணத் தலையைத் திருப்பவேண்டும்.

முதலாவது தேவைதான் விலையைத் தீர்மானிப்பது. 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்ற அளவில் ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல்கள்; 3840க்கு 2160 என்ற 4கே அளவில் 163. சாதாரணக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரை பிரித்தறியும் என்பது கண் மருத்துவத்தின் அடிப்படை அளவு. 60 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 0.17 மில்லிமீற்றருக்குச் சமம். பழைய திரையின் ஒரு பிக்சல் 0.31 மில்லிமீற்றர், 1440 திரையில் 0.23, 4கே திரையில் 0.16. என் தூரத்தில் பிக்சல்களின் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் எல்லையை இந்த மூன்றில் 4கே மட்டுமே தாண்டுகிறது. புள்ளிக்கு அங்கே குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாக நான்கு பிக்சல்கள் கிடைக்கும். கணக்கு அப்படிச் சொன்னாலும், கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

ஆகவே ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நகரக் கடைத்தெருவுக்குப் போனேன். கோப்பின் முதற் பக்கத்தில் ‘கண்ணன், கணணன், கண்ணன’ என்பது போல ஒரே சொல்லைச் சரியாகவும் புள்ளி தவறியும் கலந்து 8, 9, 10, 12 பொயின்ற் அளவுகளில் அடித்திருந்தேன். இரண்டாம் பக்கத்தில் வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை, நீலத்தில் சிவப்பு என்று அதே சொற்கள். மூன்றாவதில் கறுப்பில் இருந்து வெள்ளை வரை சாம்பல் படிகள். கடைசி ஐந்து பக்கங்கள் வெறும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. செத்த, அதாவது இயங்காமல் நிற்கும், பிக்சல்களைக் கண்டுபிடிக்க. இதோடு ஓர் ஏ4 தாள், அடிமட்டம், அச்சகத்தில் தகடு பார்க்கப் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றையும் பையில் வைத்துக்கொண்டேன். திரை வாங்கப் போகும் எவருக்கும், தாம் நாளாந்தம் செய்யும் வேலையின் கோப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோகும்படி சொல்வேன். கடையில் ஓடும் கடற்கரைக் காணொளியும் பூக்களின் படங்களும் எந்தத் திரையையும் அழகாகவே காட்டும்.

முதற் கடையில் இருந்த தம்பி பொறுமையானவர். என் கோப்பைத் திறக்க அனுமதித்ததோடு, தானும் குனிந்து பார்த்தார். அவர் முதலில் காட்டியது 27 அங்குல, 1440 அளவுள்ள, 165 ஹேர்ட்ஸ் வேகத்தில், அதாவது விநாடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பித்து, ஓடும் வளைந்த திரை. விளையாடுவோருக்கு உகந்தது, விலையும் நியாயம். எழுத்து என் பழைய திரையை விடத் தெளிவாகவே இருந்தது. ஆனால் இரண்டு குறைகள் கண்டேன். பத்தியின் ஓரக்கோடுகள் வளைவினால் வளைந்தே தெரிந்தன. நேர்கோட்டைப் பார்த்து நேர் என்று சொல்லமுடியாத திரை பக்க வடிவமைப்புக்கு ஆகாது. மற்றது, படத்தைக் காட்டும் அதன் திரவப்படிகத் தகடு வி.ஏ. என்ற வகை. இவ்வகைத் தகடுகளின் கறுப்பு ஆழமானது; ஐ.பி.எஸ். என்ற மற்றொரு வகைத் தகடுகளில் ஒளி-இருள் விகிதம் பொதுவாக 1000க்கு 1 என்றால், இவற்றில் 3000க்கு 1 அளவில் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தபோது சாம்பல் படிகளில் அடர்ந்தவை வெளுத்துப்போயின. என் வாடிக்கையாளர்கள் என் அருகே கதிரை போட்டு அமர்ந்துதான் அட்டைப்படத்தைப் பார்ப்பார்கள். நான் காண்பது ஒன்று, அவர்கள் காண்பது வேறொன்று என்றால் வேலை நடக்காது. ஆகவே ஐ.பி.எஸ். தகடு என்று முடிவாகியது.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரைகளைப் பற்றியும் அந்தத் தம்பி சொன்னார். அவற்றின் நிறமும் கறுப்பும் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் எழுத்து வேலைக்கு இரண்டு காரணங்களால் அவற்றைத் தவிர்த்தேன். விண்டோஸ் எழுத்தைக் கூர்மையாக்கும் முறை, ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பட்டைகள் அந்த ஒழுங்கில் பக்கம் பக்கமாக இருப்பதாகக் கருதியே எழுத்தை வரைகிறது. மொனிட்டர்களில் வரும் ஓலெட் தகடுகள் பலவற்றில் அந்த ஒழுங்கு வேறு. அதனால் எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக்கரை தெரிகிறது. இரண்டாவது, என் மென்பொருளின் கருவிப்பட்டைகள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவை. அசையாத உருவம் நெடுங்காலம் நின்றால் ஓலெட்டில் அதன் தடம் பதியும் ஆபத்து உண்டு.

27 அங்குல 4கே ஐ.பி.எஸ். திரை அன்றைக்கு நகரில் நான் பார்த்த கடைகளில் காட்சிக்கு இருக்கவில்லை. முற்பணம் கொடுத்தால் கொழும்பில் இருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பார்க்காமல் வாங்குவதில்லை என்ற முடிவில் நின்றதால், இரவுப் புகையிரதத்தில் ஏறி, காலையில் கொழும்பு கோட்டையில் இறங்கி, பம்பலப்பிட்டியில் உள்ள யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். கணினிப் பொருட் கடைகள் ஒரே கட்டடத்தில் செறிந்திருக்கும் இடம் என்பதால், ஒரே நாளில் பல திரைகளில் என் கோப்பைத் திறந்து பார்க்கமுடிந்தது. என் கையில் இருந்தது ஒன்றரை இலட்சம் ரூபா.

அங்கே 4கே திரையில் முதற் பக்கத்தைத் திறந்த கணத்தை நான் மறக்கமாட்டேன். ஏ4 தாளைத் திரைமேல் பிடித்து, அதன் ஓரமும் திரையில் தெரியும் பக்கத்தின் ஓரமும் பொருந்தும் வரை அளவை மாற்றினேன். 9 பொயின்றில் ‘கண்ணன்’ என்ற சொல்லின் இரண்டு புள்ளிகளும் உருண்டையாக, கறுப்பாக, எழுத்தைத் தொடாமல் நின்றன. ‘கண்ணன’ என்பது உடனே கண்ணில் குத்தியது. 8 பொயின்றிலும் தெரிந்தது. அருகில் 1440 திரை ஒன்றில் அதே கோப்பைப் பார்த்தேன்: 10 பொயின்றுக்கு மேல் குறை சொல்ல இடமில்லை, 9இல் தேடிப் பார்க்கவேண்டியிருந்தது. பாடநூல், சஞ்சிகை என்று 11, 12 பொயின்றிலேயே பெரும்பாலும் வேலை செய்பவருக்கு 1440 திரை போதும் என்றும், அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்றும் துணிந்து சொல்வேன். அடிக்குறிப்புகளும் வம்ச விருட்சங்களும் செய்பவனுக்கு அது போதாது.

விலைப்பட்டியல்களில் பெரிதாகப் போடப்படும் மற்ற விடயங்களில் என் வேலைக்கு உதவாதவை பல. 60 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட வேகம் எழுத்தைத் தெளிவாக்காது. ‘எச்.டி.ஆர். 400’ என்ற முத்திரை, திரை உச்சமாக 400 நிட் (ஒளிர்வின் அலகு) ஒளிர்வைத் தொடும் என்பதைச் சொல்கிறது. பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்கும் அமைப்பை அது கட்டாயப்படுத்துவதில்லை. நிறத்தைப் பொறுத்தவரை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியை முழுமையாகக் காட்டினால் எனக்குப் போதும். உள்ளே ஒற்றை நிறமும் அட்டை நான்கு நிறமுமாக ஓப்செற்றில் அச்சாகும் வேலை என்னுடையது. அச்சு மையால் தரக்கூடிய சில நீலப்பச்சைச் சாயல்கள் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு வெளியே இருக்கின்றன என்பது உண்மை, ஆனால் அட்டைக்கு எப்படியும் தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். முழு நேரமாகப் புகைப்படம் திருத்துபவர் இந்த இடத்தில் என்னை விடக் கூடுதலாகச் செலவழிக்க நியாயம் உண்டு.

டெல் யூ2723கியூஇ என்ற மாதிரியைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். ஐ.பி.எஸ். வகையிலேயே 2000க்கு 1 என்ற ஆழமான கறுப்பு, ஒரே யூ.எஸ்.பி.-சி வயரில் படமும் வந்து, மடிக்கணினிக்கு 90 வாட்ஸ் வரை மின்னும் ஏறும். என் பணத்துக்கு அது எட்டவில்லை. பணத்தை உயர்த்துவதா என்று தேநீர் குடித்துக்கொண்டே யோசித்து, 9 பொயின்றுப் புள்ளி இரண்டிலும் ஒரே மாதிரித்தான் நிற்கிறது என்பதால், யூ.எஸ்.பி.-சி இல்லாத எளிய 27 அங்குல 4கே ஐ.பி.எஸ். திரை ஒன்றைத் தெரிவுசெய்தேன். அதன் நிறுத்தி உயரம் மாற்றமுடியாதது. ஆனால் பின்புறத்தில் 100க்கு 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தன, ஆகவே பின்னர் ஒரு தாங்கியைப் பொருத்திக்கொள்ளலாம். பணம் கொடுக்குமுன் பெட்டியைப் பிரித்து, ஐந்து வெறும் நிறப் பக்கங்களையும் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். 4கே திரையில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள் உண்டு. ஓரிரண்டு செத்திருந்தால் அதை உத்தரவாதத்தில் மாற்றித் தரவேண்டும் என்று எல்லா உற்பத்தியாளர்களும் ஏற்பதில்லை, ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற நியமமே குறைபாடுகளின் எண்ணிக்கையை வகுப்புகளாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. தூசி போல ஏதேனும் நடுப்பகுதியில் இருந்தால் கடையில் வைத்தே கண்டுகொள்வது நல்லது. அன்றைய திரையில் எதுவும் இல்லை.

திரும்பும்போது பேருந்தில் இரண்டு இருக்கைகளுக்குப் பணம் கட்டி, பெட்டியை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலையில் நான் இருக்கும் உவர்மலைக்கு வந்துசேர்ந்தேன். பெட்டியைப் படுக்கவைத்து மேலே பொதி ஏற்றினால் கண்ணாடித் தகடு அழுத்தத்தில் கெடும்.

இணைத்தவுடன் மகிழ்ச்சி குறைந்தது. சுட்டியை அசைத்தால் அது தத்தித் தத்தி நகர்ந்தது. எழுத்தோ கறுப்பில் கூர்மையாகவும், சிவப்பில் கரை கலங்கியும் இருந்தது. கடையில் இப்படி இருக்கவில்லை. முதலில் வயரைச் சந்தேகித்து, பெட்டியில் வந்த புதிய வயரை மாற்றினேன்; மாற்றமில்லை. குற்றம் மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. என்ற பட இணைப்புத் துளையில். அது 1.4 பதிப்பு. அந்தப் பதிப்பு விநாடிக்கு 34 கோடி பிக்சல்கள் வரைதான் அனுப்பும். 4கே படத்தை 60 ஹேர்ட்ஸில் முழு நிறத்தோடு அனுப்ப, இடைவெளி நேரங்களையும் சேர்த்து 59.4 கோடி வேண்டும். ஆகவே கணினி 30 ஹேர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. அதோடு, திரையைத் தொலைக்காட்சி என்று கருதி, நிறத் தகவலைப் பாதியாக்கி அனுப்பும் முறையிலும் நின்றது. காணொளிக்கு அது பரவாயில்லை. நிற எழுத்துக்குக் கேடு. கிராபிக்ஸ் அமைப்பில் வெளியீட்டை முழு வீச்சு ஆர்.ஜி.பி. என்று மாற்றியதும் சிவப்பின் கலங்கல் மறைந்தது. வேகத்துக்கு வழி வேறு. மடிக்கணினியின் யூ.எஸ்.பி.-சி துளை அருகே டிஸ்பிளே போர்ட் என்ற மற்றொரு பட இணைப்பின் சின்னம் இருந்ததைக் கவனித்தேன். அந்தச் சின்னம் இருந்தால் அதன் வழியே படமும் போகும். ஒரு புறம் யூ.எஸ்.பி.-சியும் மறுபுறம் டிஸ்பிளே போர்ட்டும் உள்ள வயர் ஒன்று வாங்கி இணைத்ததும் 60 ஹேர்ட்ஸ் வந்தது. யூ.எஸ்.பி.-சி துளைகள் எல்லாம் படம் அனுப்புவதில்லை. திரை வாங்குமுன் என் கணினியின் துளைகளை நான் பார்த்திருக்கவேண்டும், நீங்கள் பாருங்கள்.

அடுத்தது உருப்பெருக்கம். 4கே திரையில் எதையும் பெருக்காமல் விட்டால் பட்டியல்களின் எழுத்து எறும்பாகிவிடும். விண்டோஸில் 150 விழுக்காடு வைத்தேன். வேலைப் பரப்பு 1440 திரையின் அளவாகவும், எழுத்தின் கூர்மை 4கேயாகவும் கிடைக்கும். புதிய மென்பொருட்கள் இதோடு இசைந்து போயின. ஆனால் நம் ஊர் அச்சகங்களின் பழைய கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் இருப்பவை. பழைய கல்வெட்டுகளை மறுபதிப்பாகக் கேட்கும் குடும்பங்களுக்காக நான் அந்த மென்பொருளை இன்னும் வைத்திருக்கிறேன். 2001இல் வந்த அதன் 7.0 பதிப்புக்கு இந்த உருப்பெருக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் அதன் சாளரத்தை ஒரு புகைப்படத்தைப் போல இழுத்துப் பெருப்பித்தது. பக்கம் முழுவதும் பழைய திரையை விட மோசமாக மங்கியது. நிரலின் பண்புகளில், இசைவுப் பகுதியில், உயர் அடர்த்தித் திரைக்கான அமைப்பைத் திறந்து, உருப்பெருக்கும் பொறுப்பைச் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ என்பதற்கு மாற்றியபோது எழுத்துகள் கூர்மையாகின. பொத்தான்களின் படங்கள் இன்னும் மங்கல்தான். எழுத்து தெளிந்ததால் நான் அதை விட்டுவிட்டேன். பழைய மென்பொருளில் வாழ்பவர்கள் 4கே வாங்குமுன் இதை மனதில் வைக்கவேண்டும்.

ஒளிர்வைச் சரிசெய்வதற்கு அளவுகருவி என்னிடம் இல்லை. வேலைக்கு 120 நிட் அளவு ஒளிர்வு என்பது அச்சுத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படுவது. அதை அண்ணளவாகப் பெற ஒரு வழி உண்டு. வேலை செய்யும் விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் அருகே பிடித்து, திரையின் வெண்மையும் தாளின் வெண்மையும் ஒரே பிரகாசமாகத் தெரியும் வரை குறைத்துக்கொண்டு வரவேண்டும். தொழிற்சாலை அமைப்பில் ஒளிர்வுப் பட்டியலின் எண் 80இல் வந்த திரை, என் அறையில் 32இல் நின்றது. என் அறையின் யன்னல் கிழக்கே பார்ப்பது. காலையில் கடலில் பட்டு வரும் வெயில் நேரே உள்ளே விழும். யன்னலுக்கு எதிராகவோ யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டோ திரையை வைக்காமல், யன்னலுக்குச் செங்குத்தாக மேசையைத் திருப்பினேன். இவ்வளவு குறைந்த ஒளிர்வில் சில திரைகள் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றி ஏமாற்றும். கண் களைப்புக்கு அதுவும் ஒரு காரணம். கைப்பேசிக் கமெராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் அப்படிப்பட்ட திரையில் கரும்பட்டைகள் தெரியும். பழையதில் தெரிந்தன, புதியதில் இல்லை.

உயரத்துக்குத் தச்சரிடம் சொல்லி வேப்பம் பலகையில் ஒரு பீடம் செய்தேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். என்னைப் போல இருகுவிய மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னும் கீழே. இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாகத்தால் பார்க்க நாள் முழுவதும் நாடியைத் தூக்கிக்கொண்டு இருக்க நேரும். முதலில் செய்த பீடத்தில் இரண்டு அங்குலத்தை அறுத்து எடுத்தோம்.

இந்த ஊரில் திரைக்கு உள்ள பெரும் பகை உப்புக்காற்று. பழைய திரையின் பொத்தான்கள் இரண்டு மாதங்களாகத் தாமாகவே அழுந்தி, பட்டியல் திரையில் வந்து வந்து போயிற்று. மின்னை நீக்கி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பொத்தான் அட்டையின் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஐசோபுறொப்பைல் அல்ககோலைத் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, ஒருநாள் காயவிட்டு மூடினேன். இப்போது ஒழுங்காக இருக்கிறது. மின்வழங்கிப் பகுதியை மட்டும் தொடவில்லை. அங்குள்ள மின்தேக்கிகள் மின்னை நீக்கிய பின்னரும் ஏற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். புதிய திரையை வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுகிறேன். பொலித்தீன் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிடுகிறேன். உள்ளே ஏறும் வெப்பம் ஈரத்தை வெளியேற்றும். பயன்படுத்தாத துளைகளுக்கு இறப்பர் மூடிகள் போட்டிருக்கிறேன்.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின் இல்லாமல் இருந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மடிக்கணினிக்குத் தன் மின்கலம் உண்டு, வெளித்திரைக்கு இல்லை. எனவே என் யூ.பி.எஸ். திரையை மட்டுமே தாங்குகிறது. ஒளிர்வு 32இல் இத்தகைய திரை 30 வாட்ஸ் அளவில்தான் எடுக்கும் என்பதால், சிறிய யூ.பி.எஸ். ஒன்றே கோப்பைச் சேமித்து முடிப்பதற்கும் அதற்கு மேலும் நேரம் தருகிறது.

பழைய 27 அங்குலத் திரையை எறியவில்லை. கையெழுத்துப் பிரதியின் படத்தை அதில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு, புதிய திரையில் மெய்ப்புப் பார்க்கிறேன். சென்ற வாரம் நிலாவெளியில் இருந்து வந்த கோயில் மலர் ஒன்றின் உபயகாரர் பட்டியல், 9 பொயின்றில் ஆறு பக்கம். பன்னிரண்டு இடங்களில் புள்ளி தவறியிருந்தது. அதில் ஏழு, கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தவை. அவற்றைச் சிவப்பில் குறித்து நிர்வாக சபைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.